ஜி டிரைவில் இருந்த செவ்வாய்க்கிழமை

என் மகளுடைய ஜாதகம் மலையாளத்தில் இருந்தது. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அவள் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது என்று போன ஆவணியில் எங்களிடம் சொன்னாள். பையனுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நாங்களும் மூன்று தலைமுறைக்கு முன்னால் அங்கிருந்து மலையாளச் சீமைக்கு, இந்த ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பலசரக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள்தான். மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பையனுக்குக் குலதெய்வம் எது என்று கேட்டார். மனிதர் வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் பையனின் அம்மா எனக்குப் போன் செய்தார். குரலிலேயே நல்ல மனுஷி என்று தோன்றியது. பத்து நிமிஷம் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசிவிட்டுக் கடைசியில், "மைனி, பிள்ளையோட ஜாதகம் ஒண்ணு அனுப்பி வைங்க. தமிழ்ல இருந்தா நல்லது. இங்க மலையாளம் யாருக்கும் படிக்கத் தெரியாதுல்லா" என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அனுப்ப எனக்கு மனசே இல்லை.

காரணம், என் மகள் ஆயில்ய நட்சத்திரம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு. ஆகாது என்றால் சண்டை சச்சரவு என்று அர்த்தமில்லை; மாமியார் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவாளாம். இதை முதலில் கிளப்பிவிட்டவனைப் பிடித்துக் கன்னத்தில் இரண்டு வைக்க வேண்டும் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. இதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்களும் நட்சத்திரம் கேட்டதோடு சரி. ஒரு வீட்டுக்காரர்கள் காபி டம்ளரைக்கூடக் காலி செய்யாமல் எழுந்து போனார்கள். மகள் மட்டும் அதையெல்லாம் தமாஷாக எடுத்துக்கொள்வாள். "அம்மா, நம்ம நாட்டுல மாமியார் தொல்லை உள்ளவங்க எல்லாரும் என்னய வாடகைக்கு எடுக்கலாம்" என்பாள். அவள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

இரண்டாவது வரன் தட்டிப்போனபோது தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். "ஆயில்யத்துக்கு அடுத்தது மகம். மகம்னா எல்லாரும் கொண்டாடுவாங்க. விடிகாலம்னு உள்ளத சாயங்காலம்னு போட்டாப் போதும். யாரு பாக்கப் போறா?" என் மகளுக்குப் பொய் ஜாதகம் வேண்டாம், நீங்கள் எழுந்திருங்கள் என்றேன். அதோடு நிற்காமல், நான் தரகரை விரட்டிய கதையைச் சொந்தக்காரர்கள் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். மகளும் அந்த விஷயத்தில் என் கட்சி. இந்தப் பையனின் அம்மாவுக்கு ஜாதகம் அனுப்பும் பேச்சு வந்தபோது, "பழசுல உள்ளத அப்படியே தமிழ்ல எடுத்து அனுப்பு. ஒரு அட்சரம் மாறக்கூடாது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பையன் பெயர் போனில் வந்தால் அவள் முகம் மலர்கிறதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியே எடுப்பது என்றால் லேசான காரியமில்லை. அவளுக்கு ஒரு வயது நிறைந்த சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே ஜாதகம் கணிக்கும் சிடி ஒன்றும் வந்தது. பிறந்தபோதே ஆயில்யமா மகமா என்று வீட்டில் ஒரு குழப்பம் இருந்தது; நட்சத்திரம் மாறுகிற சமயமாக இருந்ததால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் தேதியையும் நேரத்தையும் தட்டினேன். ஆயில்யம் என்று வந்தது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்ட பிறகு மறுபேச்சு ஏது? இங்குள்ள ஜோத்ஸ்யர்கள் படிக்கட்டும் என்று மலையாளத்தில் அச்செடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தோம். அன்றிலிருந்து மாதாமாதம் ஆயில்யத்தன்று நாகர் சன்னிதியில் அவள் பெயருக்கு 'நூறும் பாலும்' வழிபாடு; நூறு என்றால் இங்கே எண்ணில்லை, பொடி. மஞ்சளும் பாலும் கொடுத்துவிட்டு வருவோம்.

தட்டியது நான் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பிறகு கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு மாறி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். நான் அடித்த கடிதத்தில் ஒரு பிழை கண்டுபிடித்தால் செக்‌ஷன் முழுவதற்கும் டீ வாங்கித் தருகிறேன் என்று சவால் விட்டவள். யாருக்கும் டீ கிடைத்ததில்லை.

அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக்கட்டும்போது அதன் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஒரே ஒரு ஃபைலாக எடுத்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் பழைய மெஷின்களைக் கழிக்கும்போது நாங்கள் அப்படித்தான் செய்வோம். இதற்கு டிஸ்க் இமேஜ் என்று பெயர். அதில் உள்ளதைத் தனித்தனியாகப் பிரித்து எடுப்பதில்லை. சாமான்கள் வைத்தது வைத்தபடி இருக்க, வீட்டைப் பூட்டி அப்படியே தூக்கி வைப்பது மாதிரி. ஜாதக சிடியையும் அதேபோல் ஒரு ஃபைலாக எடுத்திருந்தேன். இரண்டும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் கிடந்தன. பழைய சாமானை எல்லாம் எதற்குச் சேர்த்து வைக்கிறாய் என்று என் கணவர் கேட்காத நாளில்லை. இத்தனைக்கும் அவர் தன் கடை டைரிகளை ஒன்று விடாமல் பரணில் அடுக்கி வைத்திருப்பவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்தேன். என் கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் சிடி. அந்த ஃபைலின்மேல் வலது பக்கம் க்ளிக் செய்து மவுண்ட் என்று கொடுத்தேன். எஃப் என்று ஒரு புதிய டிரைவ் வந்து நின்றது. என் கணவர் குனிந்து லேப்டாப்பின் இடது பக்கத்தைப் பார்த்தார். எழுந்து சுற்றி வந்து வலது பக்கத்தையும் பார்த்தார்.

"ஏட்டி, இதுல சிடி போடுக வாயே இல்லியே. எங்க போட்ட?"

"போடல. போட்ட மாதிரி அதை நம்ப வச்சிருக்கேன்."

"நம்பிட்டா?"

"நம்பிட்டு."

அவருக்கு ஒரே சந்தோஷம். தன்னை ஏமாற்றுவது போலவே கம்ப்யூட்டரையும் நான் ஏமாற்றுகிறேன் என்று மகளிடம் சொன்னார். அந்தக் காலத்து மென்பொருள், சிடி உள்ளே இருந்தால்தான் வாயைத் திறக்கும். இப்போது இல்லாத டிரைவில் இல்லாத சிடியைப் பார்த்துவிட்டு, சங்கு ஊதிக்கொண்டு, பிள்ளையார் படத்தோடு சமர்த்தாகத் திறந்தது. அந்தச் சங்குச் சத்தத்தைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது ஹார்ட் டிஸ்க் இமேஜ். மகளின் ஜாதக ஃபைல் அதற்குள்தான் இருந்தது. இதை மவுண்ட் செய்யும்போது நான் எப்போதும் 'ரீட் ஒன்லி' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவேன். பார்க்கலாம், படிக்கலாம், எதையும் மாற்ற முடியாது. ஜி, ஹெச் என்று இரண்டு டிரைவ்கள் வந்தன. பழைய டிஸ்கில் ஒரு பகுதி அப்போதே கெட்டுப்போயிருந்தது. அதனால் ஹெச் டிரைவ், என்னை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் போட்டது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மவுஸைப் பிடித்துவிட்டார்.

"என்னமோ கேக்கு. ஓகே கொடுக்கட்டா?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை மாடியில் இருந்த பூனை எழுந்து ஓடியது. ஃபார்மட் என்றால் மொத்தமாகத் துடைத்துப் போடுவது. ரீட் ஒன்லியில் அவர் நூறு தடவை அழுத்தினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் மவுஸின் பக்கம் வரவே இல்லை, எனக்கும் நிம்மதி.

ஜி டிரைவைத் திறந்தேன். மகள் நாலு வயதில் வரைந்த ஒரு சிவப்பு வீடு, நான் எழுதிய லீவ் லெட்டர்கள், கடைக்காக அடித்த ஒரு சரக்குப் பட்டியல், எல்லாம் விட்ட இடத்தில் இருந்தன. ஜாதக ஃபைலைத் தேடிப்பிடித்து மென்பொருளில் திறந்தேன். பெயர், ஊர், தேதி, நேரம் என்று நான் அன்றைக்குத் தட்டிய பக்கம் முதலில் வந்தது. காலை 4.40. கிழமை செவ்வாய். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று மாற்றி அச்செடுக்கப் போனேன்.

முப்பது வருஷம் பிழை பார்த்த கண் சும்மா இருக்குமா? தேதியில் போய் நின்றது. பிறப்புச் சான்றிதழில், பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில், நாங்கள் வருஷாவருஷம் கேக் வெட்டுகிற நாளில் உள்ள தேதி அது இல்லை. ஒரு நாள் முந்திய தேதி.

"இவ பொறந்தது என்ன கிழமை?" என்று கேட்டேன்.

"செவ்வாய்" என்றார் கணவர், யோசிக்காமல்.

போனில் காலண்டரைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தேன். சான்றிதழில் உள்ள தேதி புதன்கிழமை. "புதன்லா?" என்றேன். "செவ்வாய்தான். டைரியில எழுதியிருக்கேன்" என்று பரணில் ஏறினார். தூசியோடு அந்த வருஷத்து டைரியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். செவ்வாய்ப் பக்கத்தின் அடியில் அவருடைய உருண்டைக் கையெழுத்து: 'காலை 4.40. பெண் குழந்தை. இருவரும் சுகம்.' அடுத்த பக்கத்தில், புதனில்: 'ஆரியசாலை முழுக்க மிட்டாய் கொடுத்தது.'

எனக்கு மண்டையில் உறைத்தது. ஆரியசாலையில் பழைய கடைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிய பிறகுதான் டைரியில் புதுப் பக்கத்தைத் திருப்புவார்கள். அதுவரை அவர்களுக்கு நேற்றுதான். விடிவதற்கு முன் சரக்கு லாரி வந்தால்கூட முந்தின நாள் பக்கத்தில்தான் ஏறும். புதன்கிழமை விடிகாலை பிறந்த பிள்ளையை அவர் செவ்வாய்ப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். நேரம் பார்க்க டைரியைத் திறந்த நான், அந்தப் பக்கத்தின் தலையில் அச்சாகியிருந்த தேதியையும் அப்படியே பார்த்துத் தட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு நடுராத்திரி பன்னிரண்டுக்கே நாள் மாறிவிடும். அது என்ன செய்யும்? நான் கொடுத்தது செவ்வாய்க்கிழமையின் விடிகாலை. அவள் பிறந்ததற்கு ஒரு நாள் முன்பு. அச்செடுத்த ஜாதகத்தில் இருந்தது மலையாள மாதத் தேதி; கிழமை அதிலும் செவ்வாய், வீட்டுப் பேச்சிலும் செவ்வாய். யாருக்குச் சந்தேகம் வரும்?

"அது புதன்கிழமைங்க" என்றேன்.

"எப்படிப் புதன்? கடை தொறக்கல்லியே அப்போ" என்றார்.

அவரைக் கோபித்து என்ன பயன்? சான்றிதழை ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால் போதும். பிழையே விடாதவள் பார்க்கவில்லை.

சரியான தேதியைப் போட்டுப் புதிதாகக் கணித்தேன். மறுபடி சங்கு ஊதியது. நட்சத்திரம் மகம் என்று வந்தது.

மகள்தான் முதலில் சிரித்தாள். "கொள்ளாம், நல்ல கதை! அப்போ மாசாமாசம் நாகருக்குப் பால் குடுத்தது யாருக்கு?" என்றாள். என் கணவர் அந்தப் பழைய ஃபைலிலேயே தேதியை மாற்றிவிடு என்று அவசரப்பட்டார். மாற்ற முடியாது, பார்க்க மட்டும்தான் என்றேன். முடிந்தாலும் நான் மாற்றியிருக்க மாட்டேன். அது நான் செய்த தப்பு, அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு வீம்பு.

சந்தோஷப்பட வேண்டிய சமயம். ஆனால் எனக்கு வேறொரு கவலை வந்தது. தரகர் சொன்ன பொய் என்ன? ஆயில்யத்தை மகமாக்குவது. இப்போது நான் சொல்லப்போகும் உண்மை என்ன? அதேதான். கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில், பெண்ணைப் பெற்றவள் வந்து, நட்சத்திரம் தப்பு, நல்ல நட்சத்திரம்தான் சரி என்றால் எந்த மாமியார் நம்புவாள்? நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.

"ஆயில்யம்னே அனுப்பும்மா" என்றாள் மகள். "இப்ப மாத்தினா நம்ம கள்ளத்தரம் பண்ணினதாத்தான் நினைப்பாங்க."

"உண்மைய அனுப்ப என்ன பயம்? மகம்னு அனுப்பு" என்றார் கணவர்.

இரண்டு தாளும் போகாது என்றேன் நான். தாளை அனுப்பினால் தாள்தான் பேசும். தட்டியது நான், நானே பேசுகிறேன். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன். மூன்றாவது மணியில் பையனின் அம்மா எடுத்தார்.

நலம் விசாரிக்கக்கூட விடாமல் ஆரம்பித்தேன். டைரி, கடை விளக்கு, செவ்வாய், புதன், டிரைவ், சிடி என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். இத்தனை வருஷம் ஆயில்யம் என்று நினைத்திருந்தோம், இப்போது மகம் என்று தெரிகிறது, நாங்கள் மாற்றியதாக நினைக்காதீர்கள், சான்றிதழும் டைரிப் பக்கமும் படம் எடுத்து அனுப்புகிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பக்கத்தில் மிக்சி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

"மைனி, அவன் என்கிட்ட போன வருஷமே சொல்லிட்டான்லா, ஆயில்யம்னு" என்றார் அவர்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"நான் ரெண்டு நாள் யோசிச்சேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். பொறவு, வார பிள்ள நல்ல பிள்ளயா இருந்தாப் போதும்னு விட்டுட்டேன். தாலிக்கு ஆசாரிகிட்ட சொல்லி ஒரு மாசம் ஆச்சு. ஜாதகம் கேட்டது முகூர்த்தத்துக்கு நாள் பாக்கத்தான். பொருத்தம் பாக்கவா கேட்டேன்? ஆயில்யமோ மகமோ, எது சரியோ அத அனுப்புங்க."

என் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எனக்கு அந்த மனுஷியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, போனைத்தான் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, எண்ணெய்க் கையோடு போனை வாங்கினாள்.

"அத்தை" என்றாள். அப்படி அவள் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. "அத்தை, நான் ஆயில்யம் இல்லியாம்." சிரிக்கப் பார்த்தாள். குரல் உடைந்துவிட்டது. "போன மாசம் உங்களுக்குக் காய்ச்சல்னு அவன் சொன்னான்ல... நான் மூணு நாள் உறங்கல்ல அத்தை. இது வேண்டாம்னு அவன்ட்ட சொல்லீரலாம்னுகூட இருந்தேன். உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதேன்னு..." அதற்கு மேல் பேச முடியாமல் தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

வாடகைக்கு எடுக்கலாம் என்று சொல்லிச் சிரித்தவள் அவள். நான் அந்தச் சிரிப்பை நம்பிக்கொண்டு, இத்தனை வருஷம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறேன்.

"அட கோட்டிக்காரப் பிள்ள" என்றது போன். "அது மழையில நனைஞ்ச காய்ச்சல்லா. ரெண்டு மாத்திரையில போச்சு. கண்ணத் தொடச்சுக்க. நான் எங்கயும் போகல, இங்கதான் இருப்பேன். மைனி, பிள்ளைய எழுப்பித் தண்ணி குடுங்க."

நான் எழுப்பவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எண்ணெய்த் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.